கூப்பிட்டால் யாராவது வருவார்களா? கைக்குழந்தையின் பிணைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிணைப்பு என்றால் பாசம்தானே? எதற்கு இன்னொரு பெயர்?

பாசம் நம்மிடமிருந்து குழந்தைக்குப் போவது. உளவியலில் பிணைப்பு என்று சொல்வது குழந்தையிடமிருந்து நம்மை நோக்கி வருவது. பயந்தாலோ, வலித்தாலோ, களைத்தாலோ குழந்தை யாரைத் தேடுகிறது, அவர் தூக்கியதும் அடங்குகிறதா, அடங்கிய பிறகு இறங்கி விளையாடப் போகிறதா என்று கவனிப்பதுதான் பிணைப்பைக் கவனிப்பது. பாசம் கொட்டிக் கிடக்கும் வீட்டிலும் பிணைப்பு தடுமாறலாம். ஆசை ஆசையாக வளர்ப்பவருக்குக்கூடக் குழந்தை எதற்கு அழுகிறது என்பது பிடிபடாமல் போகலாம்.

கைக்குழந்தைக்குப் பேச்சு வராது, ஆனால் அது நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: நான் கூப்பிட்டால் யாராவது வருவார்களா? சில நூறு முறை பதில் கிடைத்த பிறகு அது ஒரு எதிர்பார்ப்பாக மனதில் படிந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தில் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த எதிர்பார்ப்பின் கதை.

பால் கொடுப்பவரிடம்தானே குழந்தை ஒட்டிக்கொள்ளும்?

இருபதாம் நூற்றாண்டின் பாதி வரை அறிஞர்களும் அப்படித்தான் நம்பினார்கள். பசி தீர்கிறது, அதனால் பசி தீர்ப்பவர் மேல் பற்று வருகிறது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு இடிக்கிறது என்று முதலில் காட்டியவை விலங்குகள். ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் வளர்த்த வாத்துக்குஞ்சுகள், பொரிந்ததும் முதலில் கண்ட அவரையே தாயாக எண்ணிப் பின்னால் நடந்தன. அதற்கும் தீனிக்கும் சம்பந்தமில்லை. 1958-ல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ வெளியிட்ட குரங்கு ஆய்வு இன்னும் அழுத்தமானது. தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குரங்குக்குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பி, இன்னொன்றுக்கு மெத்தென்ற துணி சுற்றியிருந்தது. கம்பித் தாயிடம் பால் இருந்தபோதும் குட்டிகள் குடித்துவிட்டுத் துணித் தாயிடமே ஓடின. பயமுறுத்தினால் கட்டிக்கொண்டதும் அதைத்தான். அந்தக் குட்டிகள் பட்ட பாட்டைப் படித்தால் மனம் கசக்கும். இன்று அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கடினம்.

இந்தக் கண்டுபிடிப்புகளைச் சேர்த்துக் கோட்பாடாக்கியவர் ஜான் போல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். சிறு உயிர் தன்னைக் காப்பவரின் அருகிலேயே இருந்தால்தான் பிழைக்கும். அழுகை, சிரிப்பு, பற்றிக்கொள்வது, தவழ்ந்து பின்தொடர்வது எல்லாம் அந்த அருகாமைக்காக இயற்கை கொடுத்த கருவிகள் என்றார் அவர். அவரோடு வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்து 1952-ல் திரையிட்டார். அப்போதெல்லாம் பெற்றோர் குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், பார்வை நேரத்தில் மட்டும் வரலாம். 'அழுது ஓய்ந்துவிட்டது, பழகிவிட்டது' என்று ஊழியர்கள் நினைத்த அமைதி உண்மையில் நம்பிக்கை இழந்த அமைதி என்று அந்தப் படம் காட்டியது. மருத்துவர்களில் பலர் முதலில் கோபப்பட்டார்கள். அப்புறம் மெல்ல மெல்ல விதிகள் மாறின. இன்று நோயுற்ற குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ படுத்துக்கொள்ள முடிகிறதென்றால், அதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

பிறந்தவுடன் நெஞ்சோடு அணைக்க முடியவில்லை. அறுவைச் சிகிச்சை, அப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவு. எதையாவது இழந்துவிட்டோமா?

பிணைப்பைப் பொறுத்தவரை, இல்லை. முதல் சில மணி நேரம் தவறினால் போச்சு என்ற எண்ணம் 1970-களில் பரவியது. கிளாஸ், கென்னல் என்ற இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு அதற்குத் தொடக்கம். பின்னால் வந்த ஆய்வுகள் அப்படி ஒரு கெடு இருப்பதாகக் காட்டவில்லை. மனிதக் குழந்தை வாத்துக்குஞ்சு அல்ல. அதன் பிணைப்பு ஒரு கணத்தில் ஒட்டுவதில்லை, மாதக்கணக்கில் வளர்கிறது. தத்தெடுத்த பெற்றோரிடம் குழந்தைகள் நன்றாகவே பிணைவது இதற்குப் போதுமான சாட்சி.

அதற்காகத் தோலோடு தோல் அணைப்பது வீண் என்று அர்த்தமில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டா நகரில் தொடங்கிய, குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பை இன்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்கவில்லையென்றால் குற்ற உணர்ச்சியில் மூழ்க வேண்டாம்.

எந்த மாதத்தில் பிணைப்பு வந்துவிட்டது என்று சொல்லலாம்?

பிறந்த குழந்தைக்கே தாயின் குரல் அடையாளம் தெரியும், வயிற்றுக்குள் இருந்தே கேட்ட குரல் அல்லவா. ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும், ஆனால் அப்போது யாரைப் பார்த்தாலும் சிரிக்கும். மூன்று நான்கு மாதத்தில் பழகிய முகத்துக்குத் தனிச் சிரிப்பு வந்துவிடும். ஏழெட்டு மாதம் வாக்கில்தான் நிஜமான திருப்பம். யார் கைக்கும் தாவிய குழந்தை திடீரென்று புது முகத்தைக் கண்டால் உதட்டைப் பிதுக்கும், நீங்கள் கண்ணிலிருந்து மறைந்தால் வீறிடும். 'நன்றாக இருந்த பிள்ளைக்கு என்ன ஆச்சு' என்று வீட்டில் கவலைப்படுவார்கள். ஒன்றும் ஆகவில்லை, கண்ணில் படாதவரும் எங்கோ இருக்கிறார் என்று அதற்குப் புரியத் தொடங்கியிருக்கிறது. இந்தப் பிரிவுப் பயம் பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை உச்சத்தில் இருக்கும், பிறகு தானாகக் குறையும்.

அழும்போதெல்லாம் தூக்கினால் கைச்சூட்டுக்குப் பழகிவிடும் என்கிறார்களே?

கைச்சூட்டுக்குத்தான் பழகட்டுமே! முதல் சில மாதங்களில் குழந்தைக்குத் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளத் தெரியாது. அதற்கான மூளைப் பகுதிகள் இன்னும் முதிரவில்லை. உங்கள் உடல்தான் அதற்குக் கிடைத்திருக்கும் அமைதி.

1972-ல் சில்வியா பெல், மேரி ஐன்ஸ்வொர்த் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தொடக்க மாதங்களில் அழுகைக்கு உடனே பதில் கிடைத்த குழந்தைகள் முதல் வயதின் இறுதியில் குறைவாக அழுதார்கள், அழுகைக்குப் பதில் வேறு வழிகளில் தேவையைத் தெரிவித்தார்கள். அந்த ஆய்வின் முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு, பிந்தைய ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவும் இல்லை. ஆனால் சிறு குழந்தையைத் தூக்கினால் அது கெட்டுப்போகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இதுவரை கிடையாது. ஓடியாடும் வயதில் ஒரு மிட்டாய்க்காக அழுது புரள்வது வேறு கதை. அங்கே ஆறுதல் சொல்லலாம், மிட்டாய் கொடுக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் முக்கியம். எதைச் செய்தும் அழுகை ஓயாமல் உங்களுக்கு வெறி பிடிப்பது போலிருந்தால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் விலகி மூச்சு வாங்குங்கள், யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எதற்கு அழுகிறது என்றே பல நேரம் தெரிவதில்லை. நான் மோசமான அம்மாவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் மோசமான அம்மாவாக இருப்பது அபூர்வம்.

எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தாயும் சேயும் விளையாடுவதை நொடி நொடியாகப் படமெடுத்து ஆராய்ந்தவர். அவருடைய 'அசையா முகம்' சோதனையில் முதலில் அம்மா வழக்கம்போலக் கொஞ்சுவார். பிறகு சொன்னபடி முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்திப் பார்க்கும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும். அம்மா பழையபடி சிரித்ததும், கொஞ்சம் முறைப்புக்குப் பிறகு, மீண்டு வரும்.

பெரும்பாலோர் இதில் அசையா முகத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. சாதாரணமான, நல்ல ஜோடிகளிலேயே தாயும் சேயும் ஒத்திசைந்திருந்தது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் தப்பும் தவறுமாகவே போகிறது. குழந்தை தூங்கப் பார்க்கும்போது நாம் விளையாட்டுக் காட்டுகிறோம், விளையாட அழைக்கும்போது துணியை மாற்றுகிறோம். உடனே, 'ஓ, அது இல்லையா, சரி சரி' என்று மாற்றிக்கொள்கிறோம். அந்த மாற்றிக்கொள்ளும் இடத்தில்தான் பிணைப்பு உருவாகிறது. அறுந்தது மறுபடி கட்டப்படும் என்று குழந்தை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. டொனால்ட் வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர் 'போதுமான அளவு நல்ல தாய்' என்று சொன்னதும் இந்தப் பொருளில்தான். குறையே இல்லாத தாய் குழந்தைக்கும் தேவையில்லை.

பிணைப்பை எப்படி அளக்கிறார்கள்?

மேரி ஐன்ஸ்வொர்த் 1954-55-ல் உகாண்டாவின் கிராமங்களில் வீடு வீடாகப் போய் 26 தாய்மார்களைக் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அதே வேலையைத் தொடர்ந்தார். அங்கே அவர் உருவாக்கிய சோதனைக்கு 'அந்நியச் சூழல்' என்று பெயர். ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தையும் அம்மாவும் பொம்மைகள் உள்ள புது அறைக்கு வருகிறார்கள். அறிமுகமில்லாத ஒருவர் நுழைகிறார். அம்மா வெளியே போகிறார், திரும்புகிறார், மறுபடி போகிறார், மறுபடி திரும்புகிறார். மொத்தம் இருபது நிமிடம்.

பிரியும்போது எவ்வளவு அழுகிறது என்பதைவிடத் திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் சோதனையின் மையம். அழுதாலும் அழாவிட்டாலும் அம்மாவைக் கண்டதும் அருகில் போய், தேறி, மறுபடி பொம்மையிடம் திரும்பினால் அது பாதுகாப்பான பிணைப்பு. பரவலாக ஆராயப்பட்ட நடுத்தரக் குடும்பங்களில் ஏறத்தாழ 60 சதவீதக் குழந்தைகள் இந்த வகை. சில குழந்தைகள் அம்மா வந்ததைக் கவனிக்காதது போல இருந்துவிடும், அது தவிர்க்கும் வகை. சில ஏக்கத்தோடு ஓடி வந்து, தூக்கினால் உதைத்துத் தள்ளும், இறக்கினால் இன்னும் அழும், அது தவிக்கும் வகை. இந்த மூன்றிலும் அடங்காத நான்காவது வகையை மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் 1980-களில் அடையாளம் கண்டார்கள். குழந்தை அம்மாவை நோக்கி வரும், பாதியில் உறைந்து நிற்கும், அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டே நெருங்கும். பயம் தீர ஓட வேண்டிய ஆளிடமே பயம் இருந்தால் வேறென்ன செய்ய முடியும்? அடி, வன்முறை, பெற்றவரின் ஆறாத துயரம் உள்ள வீடுகளில் இது அதிகம். உதவி கட்டாயம் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த வகைக்குத்தான். தவிர்ப்பதும் தவிப்பதும் நோய் அல்ல, தனக்குக் கிடைத்த பராமரிப்புக்கு ஏற்பக் குழந்தை கண்டுபிடித்த வழி.

தயவுசெய்து இதை வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். மதிப்பிடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், வீட்டு வாசலில் குழந்தை அழுததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

என் குழந்தை என்னைத் தேடுவதே இல்லை. சமர்த்து என்று எடுத்துக்கொள்ளலாமா?

பல நேரம் சுபாவம்தான் காரணம். சில குழந்தைகள் இயல்பிலேயே அலட்டிக்கொள்ளாதவை, தினமும் பலரோடு இருந்து பழகியவை. ஆனால் சமர்த்து என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்தலாம். தவிர்க்கும் வகைக் குழந்தைகள் வெளியே அமைதியாகப் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தபோது அவர்களின் இதயத்துடிப்பை அளந்தார்கள். அது ஏறியிருந்தது. கலக்கம் உள்ளே இருக்கிறது, காட்டிப் பயனில்லை என்று அது கற்றிருக்கிறது. நன்றாக வலிக்கும்போதும் மிகவும் பயந்தபோதும் உங்களிடம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சரி.

அம்மாவிடம் மட்டும்தானா? அப்பா, பாட்டி, தாத்தா கணக்கில் இல்லையா?

போல்பி தொடக்கத்தில் தாய்க்கு அளவுக்கு மீறிய இடம் கொடுத்தார், அதற்கான விமர்சனமும் அவருக்குக் கிடைத்தது. 1964-ல் ஷாஃபர், எமர்சன் இருவரும் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதில் ஒரே ஒருவரிடம் மட்டும் பிணைந்திருந்தவை 13 சதவீதம்தான். மற்றவற்றுக்கு இருவர், மூவர், அதற்கு மேலும் இருந்தார்கள். அதிக நேரம் உடனிருந்தவரைவிடக் குழந்தையின் சைகைக்கு விரைந்து பதில் தந்தவரிடமே பிணைப்பு வலுவாக இருந்தது. மாலையில் ஒரு மணி நேரமே கிடைக்கும் அப்பாவுக்கு இது நல்ல செய்தி, அந்த ஒரு மணி நேரத்தில் அவர் நிஜமாகவே அங்கே இருந்தால்.

பலரிடம் பிணைந்தால் பாசம் பங்கு போட்டுக் குறையும் என்ற பயம் வேண்டாம். ஆனால் வரிசை உண்டு. காய்ச்சல் கண்ட இரவில் யாரைக் கேட்டு அழுகிறதோ அவர்தான் முதலிடம். அது நீங்களாக இல்லாவிட்டால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வேலைக்குப் போகிறேன். காப்பகத்தில் விட்டால் பிணைப்பு கெடுமா?

இதற்கு அமெரிக்காவில் 1991-லிருந்து 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த ஒரு பெரிய அரசு ஆய்வு இருக்கிறது. காப்பகத்தில் விடப்படுவது என்ற ஒன்று மட்டுமே ஒன்றேகால் வயதில் தாயோடான பிணைப்பைக் கெடுக்கவில்லை. வீட்டில் தாய் எவ்வளவு உணர்ந்து பதில் தருகிறார் என்பதே பெரிதும் தீர்மானித்தது. வீட்டிலும் பதில் குறைவு, காப்பகமும் தரம் குறைவு என்று இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து கூடியது. எனவே காப்பகம் பார்க்கப் போனால் சுவர் ஓவியத்தையும் கேமராவையும்விட ஆட்களைப் பாருங்கள். ஒருவருக்கு எத்தனை குழந்தைகள்? அதே ஆள் ஆறு மாதம் கழித்தும் இருப்பாரா? குழந்தை அழுதால் யார் எழுந்து வருகிறார்கள்?

உடலிலும் மூளையிலும் நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது. பயம் வந்தால் உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அது அவ்வப்போது ஏறி இறங்கினால் தீங்கில்லை. தடுப்பூசி போடும்போதும் புது ஆளைச் சந்திக்கும்போதும் செய்த அளவீடுகளில், பாதுகாப்பாகப் பிணைந்த ஆள் உடனிருந்த குழந்தைகளுக்கு, அழுதாலும்கூட, அது அவ்வளவாக ஏறவில்லை. ஊசி வலித்ததுதான், ஆனால் உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறுதல் சொல்ல ஆளில்லாமல் நீண்ட நாள் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால்தான் மூளையின் வளர்ச்சியையே அது பாதிக்கும். இன்னொரு பக்கம், பயமில்லாத குழந்தை சுற்றித் திரிந்து பார்க்கும், தொட்டுப் பார்க்கும், கேட்கும். பேச்சும் அறிவும் அங்கிருந்து வளர்கின்றன. பற்றிக்கொள்ள ஆள் இருப்பதால்தான் விட்டுவிட்டு ஓட முடிகிறது.

பதில் சொல்ல ஆளே இல்லாமல் போனால்?

அதை ருமேனியா காட்டியது. மக்கள்தொகையைப் பெருக்க, அந்நாட்டு சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாத குழந்தைகள் அரசு விடுதிகளில் குவிந்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தார்கள். பல விடுதிகளில் வரிசை வரிசையாகக் கட்டில்கள், ஒரு ஊழியருக்கு ஏராளமான குழந்தைகள். அழுதால் யாரும் வருவதில்லை என்பதால் குழந்தைகள் அழுவதையே நிறுத்தியிருந்தார்கள். அறைகள் அமைதியாக இருந்தன என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னது இன்றும் உலுக்குகிறது.

அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போனவர்களை மைக்கேல் ரட்டரின் குழு பெரியவர்களாகும் வரை தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் வெளியேறியவர்கள் பிரிட்டனிலேயே பிறந்து தத்துப் போனவர்களைப் போலவே வளர்ந்தார்கள். அதற்குமேல் அங்கே இருந்தவர்களில் பலருக்குக் கவனக்குறைவும், உறவுகளில் தடுமாற்றமும், முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் போய்விடும் போக்கும் நீடித்தன. ஆனால் அவர்களிலும் ஐந்தில் ஒருவர் எந்தப் பெரிய பிரச்சினையும் இல்லாமல் வளர்ந்தார். 2000-க்குப் பிறகு புக்கரெஸ்டில் 136 விடுதிக் குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களின் அறிவுத்திறனும் பிணைப்பும் தெளிவாக மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் கூடுதல்.

உங்கள் வீட்டோடு இதை ஒப்பிட வேண்டாம். அரை மணி நேரம் அழவிட்ட இரவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

அப்படியென்றால் முதல் இரண்டு வருடம்தான் தலையெழுத்தா?

இல்லை. 1970-களின் நடுவில் மினசோட்டாவில் ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளைக் கொண்டு தொடங்கி, அவர்கள் முப்பதைத் தாண்டும் வரை நீண்ட ஓர் ஆய்வு உண்டு. பாதுகாப்பாகப் பிணைந்தவர்கள் சராசரியில் பள்ளியில் தன்னம்பிக்கையோடும் நண்பர்களோடு இணக்கமாகவும் இருந்தார்கள். ஆனால் பிணைப்பு வகை வழியில் மாறவும் செய்தது. வீட்டில் அமைதி வந்தபோது நல்ல பக்கமாக, வறுமையும் சண்டையும் கூடியபோது கெட்ட பக்கமாக. கசப்பான பிள்ளைப் பருவம் கண்ட பெரியவர்கள் பின்னால் நல்ல துணையாலோ சிகிச்சையாலோ அதைப் புரிந்துகொண்டு, தம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான பெற்றோர் ஆவதும் உண்டு.

குழந்தையைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வெறுமையாக இருக்கிறது.

முதல் சில வாரங்கள் பாசம் பொங்காமல் இருப்பது நிறையப் பேருக்கு நடக்கிறது, வெளியே சொல்வதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் சோகம், வெறுமை, தூக்கமின்மை, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் தொடர்ந்தால், அது பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில், குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. அப்பாக்களுக்கும் வரும். சிகிச்சை இருக்கிறது, பலனும் உண்டு. மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். தீங்கு செய்யும் எண்ணம் இருந்தால் இன்றே. நீங்கள் தேறும் வரை வீட்டில் இன்னொருவர் கொஞ்சட்டும், குழந்தை காத்திருக்கும்.

கைபேசி?

எப்போதாவது பார்த்தால் குடி முழுகாது. குழந்தை பார்வையைத் தேடும் ஒவ்வொரு முறையும் திரையைப் பார்க்கும் முகமே கிடைத்தால் அது அசையா முகம்தான்.

எப்போதும் தூக்கிச் சுமந்து, ஒரே படுக்கையில் படுத்தால்தான் பிணைப்பு வருமா?

அது பிணைப்பின் பெயரில் 1990-களில் பரவிய ஒரு வளர்ப்பு முறை. பிடித்திருந்தால் சுமந்துகொள்ளுங்கள். புட்டிப்பால் குடித்துத் தனித் தொட்டிலில் தூங்கும் குழந்தையும் நன்றாகப் பிணையும். தூங்கும் இடத்தை மட்டும் பாதுகாப்பை வைத்தே தீர்மானியுங்கள்.

வேலைக்குக் கிளம்பும்போது அழுகிறது. தெரியாமல் நழுவிவிடலாமா?

நழுவினால் உங்களுக்கு எளிது, குழந்தைக்குக் கஷ்டம். எப்போது மறைவீர்கள் என்று தெரியாததால் அடுத்த நாளிலிருந்து ஒரு நிமிடம்கூட விடாது. சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தினமும் அதே சொல், அதே கையசைப்பு. அழும், அழட்டும், பார்த்துக்கொள்பவர் தூக்கிக்கொள்வார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து கொஞ்சிவிட்டு மறுபடி போவது வேண்டாம், அது பிரிவை இரண்டு மடங்காக்கும். மாலையில் வந்ததும் பையை வைப்பதற்கு முன் குழந்தையிடம் போங்கள். கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பொம்மையை நீட்டும்.